எஸ்யூவியைக் கொடுத்துவிட்டுப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 2.5 லிட்டர் மாஸ்டா சிஎக்ஸ்-5, 187 எச்பி. நண்பர் தன் 1990 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் காரை விற்கிறார். 115 எச்பிதானாம், ஆனால் ஓட்டிப் பார்த்தால் என் வண்டியைவிடப் பறக்கிறது. மாற்றிக்கொள்ளலாமா? வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது.

பதில்: மாற்ற வேண்டாம். இடம் இருந்தால் இரண்டாவது வண்டியாக வாங்குங்கள்.

நேர்ச்சாலையில் அது பறக்கவில்லை, பறப்பதுபோல இருக்கிறது, அவ்வளவுதான். 1.6 லிட்டர் எம்எக்ஸ்-5 ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. உங்கள் வண்டி சுமார் 1,600 கிலோ. எச்பியை எடையால் வகுத்தால் இரண்டுக்குமே டன்னுக்கு 120-ஐ ஒட்டித்தான் வரும். தரையோடு தரையாக உட்கார்ந்து, கூரையைத் திறந்துவிட்டு ஓட்டினால் 60 கிலோமீட்டர் வேகமே 90 போலத் தெரியும்.

உண்மையான வித்தியாசம் வளைவில்தான். எம்எக்ஸ்-5-இல் எஞ்சின் முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி இருப்பதால் எடை முன்னும் பின்னும் கிட்டத்தட்டச் சரிபாதி. வண்டியை உந்துவது பின்சக்கரங்கள். முன்சக்கரங்களுக்குத் திரும்புவது மட்டுமே வேலை. அதனால் ஸ்டியரிங்கில் சாலை அப்படியே கைக்குத் தெரியும். உயரமான எஸ்யூவியில், எவ்வளவு நன்றாக வடிவமைத்தாலும், அந்தச் சுகம் வராது.

ஆனால் மழையில் கதை வேறு. அந்தக் காரில் வண்டி வழுக்காமல் கணினி பார்த்துக்கொள்ளும் இஎஸ்சி கிடையாது, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் பெரும்பாலும் இருக்காது. ஈரமான வளைவின் நடுவே பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் வழுக்கிச் சுற்றிவிடும். உங்கள் வண்டியில் அதே தப்பைக் கணினி பிரேக் போட்டுச் சமாளித்துவிடும். மோதல் என்றால் கணக்கு இன்னும் கறார். 1,000 கிலோ காரும் 1,600 கிலோ எஸ்யூவியும் தலா 60 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதினால், எஸ்யூவியின் வேகம் நொடிப்பொழுதில் 46 கிலோமீட்டர் மாறும்; சின்னக் காருக்கு அது 74. மாற்றம் எவ்வளவு பெரிதோ, உள்ளே இருப்பவருக்கு அடியும் அவ்வளவு பெரிது. இரண்டே இருக்கை, குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கியும் இல்லை. குழந்தையோடு இதையே ஒரே வண்டியாக வைத்துக்கொள்ள நான் சொல்லமாட்டேன்.

இரண்டாவது வண்டியாக வாங்குவதென்றால், பெயின்ட் பளபளப்பில் மயங்காதீர்கள். கதவுக்குக் கீழே, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் உள்ள தகரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். துணிக்கூரையின் வடிகால் துளை அடைத்தால் தண்ணீர் அங்கே தேங்கி உள்ளிருந்தே துருவேறும். இருக்கைக்குப் பின்னால் கார்ப்பெட் ஈரவாடை அடித்தால் சந்தேகப்படுங்கள். எஞ்சின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட் 1,00,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வையுங்கள். டயர் பட்டன் தேயாமல் இருக்கலாம், ரப்பர் கல்லாகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் தேதிக் குறியீடு 2315 என்றிருந்தால் 2015-இன் 23-ஆவது வாரம் செய்தது.

கடைசியாக, ஆரம்பகால 1.6 எஞ்சின்களுக்கே உரிய வியாதி ஒன்று: எஞ்சினின் சுழலும் முதன்மைத் தண்டான கிராங்க் தண்டின் முனையில், புல்லியை நழுவாமல் பிடிக்கும் சாவிப்பள்ளம் தேய்ந்துபோவது. எஞ்சினை ஐடிலில் விட்டு, பானட்டைத் திறந்து, முன்னால் சுழலும் கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். அது தள்ளாடினால், நண்பர் விலையை எவ்வளவு இறக்கினாலும் வேண்டாம்.