தள்ளிவிட்ட பந்து ஏன் தானா நிக்குது? ஏழாவது படிக்கிற பையனுக்கு எப்படிப் புரிய வைக்கிறது?

"உதைச்சதோட நம்ம விசை முடிஞ்சிடுது, அப்புறமும் பந்து எப்படி ஓடுது, ஏன் நிக்குது"ன்னு பையன் கேக்குறான்னு எழுதியிருக்கீங்க. அனேகமா நீங்க "கொடுத்த விசை தீர்ந்துபோச்சு கண்ணா"ன்னு சொல்லியிருப்பீங்க. நானும் என் பொண்ணுக்கு அதைத்தான் சொன்னேன், வண்டியில பெட்ரோல் தீர்ற மாதிரின்னு உதாரணம் வேற கொடுத்தேன். அது தப்புங்க.

அவ உடனே கேட்டா, "அப்போ கேரம் போர்டுல பவுடர் போட்டா காயின் அவ்ளோ தூரம் போகுதே, பவுடர்ல விசை இருக்காப்பா?" எனக்கு பதில் வரல. ராத்திரி முழுக்க அதே யோசனை.

மறுநாள் பழைய காலண்டர் அட்டையை நீளவாக்குல மடிச்சு வாய்க்கால் மாதிரி ஆக்கி, ஒரு பக்கம் ரெண்டு நோட்டு வச்சு உயர்த்தினேன். மேல இருந்து கோலிகுண்டை தள்ளாம சும்மா விடணும், அப்பதான் ஒவ்வொரு தடவையும் ஒரே வேகத்துல கீழ வரும். முதல்ல கீழ டவல் விரிச்சோம், ஒரு முழம் கூட தாண்டல. அப்புறம் கோரைப்பாய், பாதிப் பாய் தாண்டிடுச்சு. கடைசியா வெறும் மொசைக் தரை, நேரா போய் சுவத்துல மோதிச்சு. ஒரே குண்டு, ஒரே உயரம். அவளே டவலைத் தடவிப் பாத்துட்டு "இதுதான்பா புடிச்சு நிறுத்துது"ன்னா. அவ்ளோதான், பாடம் முடிஞ்சுது.

ஓடுற பொருள் ஓடிக்கிட்டே இருக்க விசை வேண்டாம். நிறுத்தத்தான் விசை வேணும், வேகத்தையோ திசையையோ மாத்தத்தான் வேணும். தரையில அந்த வேலையை உராய்வு செய்யுது. கலிலியோ 400 வருஷம் முன்னாடியே சரிவுல குண்டு உருட்டிப் பாத்து இந்த முடிவுக்கு வந்துட்டார், நியூட்டன் 1687ல அதை முதல் விதியா எழுதினார். உராய்வே இல்லாத இடம் எங்கன்னு பையன் கேட்டா, விண்வெளியில போயிட்டிருக்கிற வாயேஜர் 1 விண்கலத்தைப் பத்தி சொல்லுங்க. 1977ல விட்டது, இப்பவும் நொடிக்கு சுமார் 17 கிலோமீட்டர் வேகத்துல போயிட்டிருக்கு, அதை முன்னாடி தள்ள எந்த எஞ்சினும் ஓடல.

"உருள்றப்போ இருக்குற தடை வேற, வழுக்குறப்போ இருக்குற உராய்வு வேற"ன்னு யாராவது கமெண்ட்ல வருவீங்க. தெரியும் சார், ஒத்துக்கிறேன். ஏழாவது புள்ளைக்கு முதல்ல "ஏதோ ஒண்ணு தடுக்குது"ன்னு மனசுல பதியட்டும், பிரிச்சுப் பாக்குறது அப்புறம்.

இன்னொண்ணு, கேள்விக்கு சம்பந்தமில்லதான், ஆனா சொல்லாம இருக்க முடியல. பொண்ணு படிக்கிற ஸ்கூல்ல பரீட்சை நெருங்கினா பி.டி. பீரியடை மேத்ஸுக்கு எடுத்துக்கிறாங்க. வாரத்துல ரெண்டே பீரியட், அதுவும் போச்சு. புல்லு மேல உதைச்ச பந்துக்கும் சிமெண்ட் தரையில உதைச்ச பந்துக்கும் உள்ள வித்தியாசம் கால்ல தெரியாத புள்ளைங்க, "ஒரு பொருள் மீது புறவிசை செயல்படாத வரை"ன்னு மட்டும் மூச்சுவிடாம ஒப்பிக்குதுங்க. கேட்டா போர்ஷன் முடியலங்கிறாங்க. எனக்கு வயிறு எரியுது.

நீங்க இந்த ஞாயித்துக்கிழமையே கோலிகுண்டு வாங்கி செஞ்சு பாருங்க. கேரம் போர்டுலயும் பாக்கலாம், முதல்ல பவுடரை நல்லா தொடச்சுட்டு ஒரு அடி, அப்புறம் பவுடர் போட்டு ஒரு அடி. அது போரிக் பவுடர், முடிச்சதும் பையனை கை கழுவச் சொல்லுங்க, அந்தக் கையோட கண்ணைத் தேய்ச்சிடப் போறான்.