மிஸ்டரி ஷாப்பிங்: ஒரு விசிட்டுக்கு 400 ரூபாய் நியாயமா?

கேள்வி: மதுரை திருநகரில் இருக்கிறேன். வயது 46. வாடிக்கையாளர் போலக் கடைக்குப் போய், சேவை எப்படி இருந்தது என்று அறிக்கை எழுதித் தரும் மிஸ்டரி ஷாப்பிங் வேலைக்குப் பதிவு செய்திருக்கிறேன். அண்ணா நகரில் ஒரு உணவகத்துக்குப் போய்வர 400 ரூபாய் தருவதாகவும், சாப்பாட்டுச் செலவில் 300 ரூபாய் வரை திருப்பித் தருவதாகவும் சொல்கிறார்கள். இது நியாயமான கூலியா? பல வேலைகளுக்கு '25 முதல் 35 வயது', 'சொந்தக் கார் அவசியம்' என்று போட்டிருக்கிறார்கள். இப்படிக் கட்டுப்பாடு வைக்கலாமா? என் தம்பி ஒரு ஜவுளிக் குழுமத்தில் வேலை பார்க்கிறான். அந்தக் கடைக்கு வரும் வேலையை நான் எடுக்கலாமா? பிரிட்டனில் எம்.எஸ்சி. படிக்கும் மகளும் இதைச் செய்யலாமா என்று கேட்கிறாள்.

பதில்: முதலில் அந்த 400 ரூபாயைப் பிரித்துப் பார்ப்போம். இந்த வேலையில் சேருகிற பலர் கடைக்குள் இருக்கும் நேரத்தை மட்டும்தான் வேலை நேரமாக எண்ணுகிறார்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டால் 400 ரூபாய், நல்ல காசுதானே என்று தோன்றும். உண்மையில் வேலை, வழிமுறைக் குறிப்பைத் திறந்து படிக்கும்போதே தொடங்கிவிடுகிறது. பத்துப் பதினைந்து பக்கக் குறிப்பைப் படித்து, புரிந்ததா என்று பார்க்க வைக்கும் சின்னத் தேர்வை முடிக்க அரை மணி நேரம். திருநகரிலிருந்து அண்ணா நகர் போய்வர, நெரிசலோடு சேர்த்து 70 நிமிடம் என்று வையுங்கள். உணவகத்தில் ஒரு மணி நேரம். வீட்டுக்கு வந்து அறிக்கை எழுத ஒன்றேகால் மணி நேரம். மொத்தம் கிட்டத்தட்ட 4 மணி நேரம்.

இனி செலவு. போக வர 25 கிலோமீட்டர் என்றால், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் ஸ்கூட்டரில் பெட்ரோலுக்கு மட்டும் 55 ரூபாய்க்குக் குறையாது. வண்டி நிறுத்த 20. சாப்பாட்டு விஷயத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். '300 வரை' என்பது ஜி.எஸ்.டி.யும் சேர்ந்த வரம்பாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஆனால் குறிப்பில் ஒரு சூப், ஒரு முக்கிய உணவு, ஒரு பானம் கட்டாயம் என்று எழுதியிருப்பார்கள். அந்த உணவகத்தின் மெனுவைப் பார்த்தால் மூன்றும் சேர்ந்து 360 வரும். மிச்சம் 60 உங்கள் கைக்காசு. ஆக 400இல் 135 போய் 265தான் மிஞ்சும். 4 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 66 ரூபாய். வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே மெனுவைத் தேடிப் பார்த்து விலையைக் கூட்டிவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

சாப்பாடு இலவசமாகக் கிடைத்ததே, அதையும் வருமானமாகச் சேர்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். நீங்கள் எப்படியும் அன்று வெளியில் சாப்பிடப் போவதாக இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் அது வேலைக்கான மூலப்பொருள், கூலி அல்ல.

என் கருத்தில், எல்லாச் செலவும் போக மணிக்கு 150 ரூபாயாவது நிற்கவில்லை என்றால் தனி ஒரு விசிட்டுக்காகப் பயணம் போகக் கூடாது. வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாலும் அந்தக் காசு வரும், அதில் யாரும் உங்கள் அறிக்கையைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

அறிக்கை திரும்பி வருவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தத் தொழிலில் ஆள் களைத்துப் போவது அங்கேதான். உள்ளே நுழைந்து எத்தனை விநாடியில் வரவேற்றார்கள், ஆர்டர் எடுத்தவரின் பெயர்ப் பட்டையில் என்ன பெயர், உணவு வந்த நேரம், பில் எண், கழிவறையில் சோப்பு இருந்ததா என்று வரிசையாகக் கேள்விகள் இருக்கும். 'உடனே வரவேற்றார்களா' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று குறித்துவிட்டு, கீழே விளக்கத்தில் 'சற்று நேரம் காத்திருந்தேன்' என்று எழுதினால், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று சரிபார்ப்பவர் திருப்பி அனுப்புவார். பில்லின் படம் மங்கலாக இருந்தாலோ, கெடு தாண்டி அனுப்பினாலோ விசிட்டையே தள்ளுபடி செய்வார்கள். அப்போது கூலியும் வராது, சாப்பிட்ட காசும் வராது. அதனால் ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: அறிக்கை நிராகரிக்கப்பட்டால் வாங்கிய பொருளுக்கான பணமாவது கிடைக்குமா? கிடைக்காது என்றால், பெரிய தொகைக்குப் பொருள் வாங்கச் சொல்லும் வேலைகளை முதல் சில மாதம் தொடாதீர்கள்.

வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் வேலைகளும் வரும். துணிக்கடையில் 3,000 ரூபாய்க்குப் புடவை எடுத்து, அடுத்த நாள் திருப்பித் தந்து, பணியாளர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்க்க வேண்டும். நம் ஊர்க் கடைகள் பலவற்றில் பணமாகத் திருப்பித் தர மாட்டார்கள், அதே கடையில் வேறு பொருள் வாங்கிக்கொள்ள கிரெடிட் நோட்தான் தருவார்கள். அதைப் பணமாக்கித் தரும் பொறுப்பு யாருடையது என்று மின்னஞ்சலில் கேட்டு, பதில் வந்த பிறகு போங்கள்.

இனி, பேரம் பேசலாமா? தாராளமாகப் பேசலாம். மாதக் கடைசியில் ஆள் கிடைக்காத கிளைகளுக்குக் கூலியை உயர்த்துவது இந்தத் தொழிலில் வழக்கம்தான். அறிக்கைகளை மாதத்துக்குள் முடித்துத் தர வேண்டும் என்று வாடிக்கை நிறுவனத்தோடு, அதாவது தன் கடைகளைச் சோதிக்கச் சொன்ன நிறுவனத்தோடு, மிஸ்டரி ஷாப்பிங் நிறுவனம் ஒப்பந்தம் போட்டிருக்கும். 20ஆம் தேதிக்குப் பிறகும் அதே வேலை பட்டியலில் இருந்தால், ஒருங்கிணைப்பாளருக்கு இப்படி எழுதலாம்: "அண்ணா நகர் கிளைக்கு 25ஆம் தேதிக்குள் போக முடியும். பயணத்துக்கு 150 ரூபாய் சேர்த்துத் தந்தால் எடுத்துக்கொள்கிறேன்." மறுத்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை. இன்னொரு வழி, ஒரே பக்கமாக வரும் வேலைகளைச் சேர்த்து எடுப்பது. மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க், ஒரு வங்கிக் கிளை, ஒரு செல்போன் கடை என்று மூன்றை ஒரே பயணத்தில் முடித்தால் பயண நேரமும் பெட்ரோலும் மூன்றாகப் பிரிந்துவிடும். இந்த வேலையில் ஓரளவு சம்பாதிப்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் சம்பாதிக்கிறார்கள்.

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் உங்களைக் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். இந்த நிறுவனங்கள் உங்களை ஊழியராக எடுப்பதில்லை, தனி ஒப்பந்தக்காரராகத்தான் எடுக்கின்றன. ஊழியருக்கான குறைந்தபட்சக் கூலி அப்படிப்பட்டவருக்குப் பொருந்தாது. அதனால்தான் மணிக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

ஆனால் பணம் இழுத்தடிக்கப்பட்டால் உங்களிடம் ஒரு ஆயுதம் உண்டு, பலருக்குத் தெரியாது. குறு, சிறு தொழில்களைப் பதிவு செய்யும் மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில், சேவை தரும் குறுந்தொழிலாக இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, அப்படிப் பதிவு செய்தவருக்கு எழுத்தில் என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'வங்கி விகிதம்' என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. இதற்கான மத்திய அரசின் இணையதளத்தில் புகார் தரலாம். வேலை செய்து முடித்துவிட்டு, பணம் வராதபோது பதிவு செய்தால் சிக்கல் வரும். அதனால் முதல் வேலைக்கு முன்பே பதிவை முடித்துவிடுங்கள். 400 ரூபாய்க்காக யாரும் வழக்குப் போட மாட்டார்கள்தான். ஆனால் உத்யம் எண்ணோடு ஒரு மின்னஞ்சல் போனால் கணக்குப் பிரிவில் கோப்பு நகரும்.

வரி விஷயம் சுருக்கமாக: பான் எண்ணைக் கொடுத்துவிடுங்கள், கொடுக்காவிட்டால் வரிப் பிடித்தம் 20 சதவீதத்துக்குப் போய்விடும். கூலியையும் செலவுத் தொகையையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால், நீங்கள் சாப்பிட்ட காசுக்கும் சேர்த்து வரி பிடித்ததாகிவிடும்.

இனி தகுதிக் கட்டுப்பாடு. வயது, கார் என்று அவர்கள் கேட்பது உங்களை ஒதுக்குவதற்காக அல்ல. அந்தக் கடைக்கு வழக்கமாக வரும் வாடிக்கையாளர் போல இருப்பவர் போனால்தான் பணியாளர் இயல்பாக நடந்துகொள்வார். கார் சர்வீஸ் மையத்தைச் சோதிக்க அந்தக் கம்பெனி கார் வேண்டும், சில வங்கி வேலைகளுக்கு அந்த வங்கியில் கணக்கு வேண்டும். அழகுசாதனக் கடை வேலைக்கு இளம் பெண்களைக் கேட்பதுபோல, தங்க நகைச் சேமிப்புத் திட்டம், வைப்பு நிதி, மருத்துவக் காப்பீடு, முழு உடல் பரிசோதனை போன்றவற்றுக்கு நாற்பதைத் தாண்டியவர்களைத் தேடுவார்கள். உங்கள் சுயவிவரத்தில் வயது, வீட்டில் உள்ளவர்கள், வங்கிக் கணக்குகள், வண்டி விவரம் எல்லாவற்றையும் முழுமையாக நிரப்புங்கள். பாதி காலியாக விட்டவர்களுக்கு இந்த வேலைகள் கண்ணிலேயே படாது.

ஒரு கிளைக்குப் போனால் மூன்று மாதமோ ஆறு மாதமோ மறுபடி அங்கே போகக் கூடாது என்ற விதியும் சரியானதுதான். முகம் தெரிந்துவிட்டால் சோதனைக்கே அர்த்தமில்லை.

சரியில்லாத கட்டுப்பாடுகளும் உண்டு. ஒரே கடை, ஒரே அறிக்கை, ஆனால் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்குக் குறைவான கூலி என்றால் அந்த நிறுவனத்தை விட்டு விலகுங்கள். 'எங்கள் சான்றிதழ் படிப்பைப் பணம் கட்டி முடித்தால்தான் வேலை' என்றாலும் அப்படியே. பதிவுக் கட்டணம், முன்பணம், பாதுகாப்புத் தொகை என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். மிஸ்டரி ஷாப்பிங் மோசடிகள் பற்றி எச்சரிக்கும் அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி.யும் இதையே சொல்கிறது: வேலை தருவதற்கு முறையான நிறுவனம் பணம் கேட்பதில்லை. டெலிகிராமில் சேர்த்து, ஹோட்டலுக்கு ரேட்டிங் போட்டால் காசு என்று முதலில் கொஞ்சம் தந்து, பிறகு 'பெரிய டாஸ்க்' என்று உங்களையே பணம் போடச் சொல்வது மிஸ்டரி ஷாப்பிங்கே அல்ல. அதில் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930ஐ அழையுங்கள்.

தம்பி வேலை பார்க்கும் குழுமத்தின் கடைகளை எடுக்காதீர்கள். அவர் வேறு ஊர்க் கிளையில் இருந்தாலும் சரி, கணக்குப் பிரிவில் இருந்தாலும் சரி. வாடிக்கை நிறுவனத்தில் நெருங்கிய உறவினர் வேலை பார்க்கவில்லை என்று உங்களிடம் உறுதிமொழி வாங்குவார்கள். பொய்யாகச் சம்மதித்துவிட்டு, பின்னால் தெரிந்தால் கூலி போகும், கணக்கை முடக்குவார்கள், தம்பிக்கும் பிரச்சினை வரும். போட்டி ஜவுளிக்கடைகள் விஷயத்தில் நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும். தம்பி எங்கே வேலை பார்க்கிறார் என்று முதலிலேயே எழுதித் தெரிவித்து, எதை எடுக்கலாம் என்று கேளுங்கள்.

இந்த விதியில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. உங்கள் அறிக்கையில் குறையும் மதிப்பெண், கவுன்டரில் நிற்கும் ஒரு பெண்ணின் ஊக்கத்தொகையைக் குறைக்கலாம். சில கேள்வித்தாள்களில் 'பணியாளர் உட்கார்ந்திருந்தாரா' என்றுகூட ஒரு கேள்வி வரும். கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்திருக்கிறது. பார்த்ததைப் பொய் சொல்லாமல் குறியுங்கள். அந்த நேரம் கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை, உங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து கவனித்தார் என்றால் அதையும் விளக்கத்தில் சேர்த்து எழுதுங்கள்.

கடைசியாக மகள். பிரிட்டனில் மாணவர் விசாவில் இருப்பவர் சுயதொழில் செய்யக் கூடாது. மிஸ்டரி ஷாப்பர்களைப் பெரும்பாலும் சுயதொழில் செய்பவர்களாகத்தான் எடுக்கிறார்கள், அதனால் அவர் இதில் சேரக் கூடாது. படிப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாமே என்று தோழிகள் சொல்வார்கள். அந்த 20 மணி நேரம் ஒரு நிறுவனத்தில் ஊழியராகச் சேர்ந்து வேலை பார்ப்பதற்கு. சுயதொழிலுக்கு ஒரு மணி நேரம்கூட இடம் இல்லை. அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களும், வேலை விசாவில் இருப்பவரின் துணைவராக எச்-4 விசாவில் போய் வேலை அனுமதி வாங்காதவர்களும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். 'ஒரு பீட்சாவுக்குத்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்' என்று ஆரம்பிப்பார்கள், ஆனால் வங்கிக் கணக்கில் விழுந்த பணத்துக்குப் பதிவு இருக்கும், விசா நீட்டிப்பின்போது அதுவே கேள்வியாக வரலாம். மகளுக்குப் பகுதி நேர வருமானம் வேண்டுமென்றால், சம்பளச் சீட்டோடு ஊழியராக எடுக்கும் இடமாகப் பார்க்கச் சொல்லுங்கள். சேருவதற்கு முன் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் பிரிவில் அந்த வேலையின் ஒப்பந்தத்தைக் காட்டிக் கேட்கட்டும், அங்கே இலவசமாகவே சொல்வார்கள்.