கிறிஸ்தவச் சபைகள் என்றாவது ஒன்றாகுமா?

கேள்வி: நான் கத்தோலிக்கன். எனக்கு நிச்சயம் ஆகியிருக்கும் பெண் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவள். ஒரே இயேசு, ஒரே வேதம் என்று சொல்லிக்கொண்டு ஏன் இத்தனை பிரிவுகள்? ஒரு சபைக்காரர் இன்னொரு சபையில் போய் நற்கருணை வாங்க ஏன் விடுவதில்லை? இவர்கள் என்றாவது ஒன்றாவார்களா?

பதில்:

ஒரே தலைமை, ஒரே நிர்வாகம் என்ற பொருளில் கேட்டால், ஆக மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் ஆக மாட்டார்கள். ஆனால் ஒற்றுமை என்றால் அது மட்டும்தான் என்று வைத்துக்கொண்டால், கடந்த நூறு வருடங்களில் நடந்திருக்கும் பெரிய மாற்றம் கண்ணிலேயே படாது.

என் வீட்டைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். அம்மா கத்தோலிக்கர், அப்பா லுத்தரன், அத்தை குடும்பம் பெந்தெகொஸ்தே. வீட்டில் ஜெபமாலையும் உண்டு, ஞானப்பாட்டும் உண்டு, அத்தை வந்தால் கைதட்டிப் பாடும் ஜெபமும் உண்டு. ஆகவே இந்தக் கேள்வியைச் சின்ன வயதிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிரிவினையைப் பற்றிப் பேசினால் எல்லோரும் 1054 (ரோமும் கிழக்கின் ஆர்த்தடாக்ஸ் சபையும் பிரிந்தது), 1517 (ரோமுக்கு எதிராக லூதர் சீர்திருத்தத்தைத் தொடங்கியது) என்று இரண்டு வருடங்களைச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் கவனிக்க வேண்டிய வருடம் 1529. அந்த வருடம் ஜெர்மனியின் மார்புர்க் கோட்டையில் லூதரும் சுவிட்சர்லாந்தின் சீர்திருத்தவாதி ஸ்விங்லியும் சந்தித்தார்கள். இருவருமே ரோமைவிட்டுப் பிரிந்தவர்கள். ரோமையும் பேரரசரையும் எதிர்த்து நிற்க வேண்டுமானால் தங்களுக்குள் கூட்டு வேண்டும் என்ற நெருக்கடி வேறு. பதினைந்து அம்சங்களை எழுதினார்கள். பதினான்கில் உடன்பாடு. பதினைந்தாவது திருவிருந்து, அதாவது கத்தோலிக்கர் நற்கருணை என்பது. அதிலும் பாதிக்கு மேல் ஒத்துப்போனார்கள். அப்பத்திலும் இரசத்திலும் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் மெய்யாகவே இருக்கின்றனவா என்ற இடத்தில் பேச்சு நின்றுவிட்டது. 'இது என் சரீரம்' என்ற வசனத்தை லூதர் மேசைமேல் சாக்குக்கட்டியால் எழுதிவைத்துக்கொண்டு கடைசிவரை அசையவில்லை என்பார்கள்.

அந்த இரண்டு மரபுகளையும் சேர்ந்த ஐரோப்பிய சபைகள் ஒரே மேசையில் திருவிருந்து எடுக்கலாம் என்று ஒப்புக்கொண்டது 1973-இல், லொயென்பெர்க் உடன்படிக்கையில். நடுவில் 444 வருடங்கள்! யாரும் தன் விசுவாசத்தை விட்டுக்கொடுக்கவில்லை. முன்னோர் ஒருவரையொருவர் கண்டித்து எழுதியவை இன்றைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரின் போதனைக்குப் பொருந்தாது என்று ஏற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் அந்த மேசையில்தான் இருக்கிறது. கத்தோலிக்கருக்கும் ஆர்த்தடாக்ஸ் சபையாருக்கும் நற்கருணை என்பது ஏற்கனவே முழுமையாக ஒன்றாக இருப்பவர்கள் பகிர்ந்துகொள்வது. திருப்பலி நிறைவேற்றுபவர் அப்போஸ்தலர் வழிவந்த ஆயரிடம் குருப்பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்தது. பல புராட்டஸ்டண்ட் சபைகளோ அதை மறுபக்கத்திலிருந்து பார்க்கின்றன. அழைப்பது ஆண்டவர், அவர் மேசைக்கு வந்தால்தானே ஒற்றுமை பிறக்கும் என்கின்றன. ஒருவருக்கு அது ஒற்றுமையின் விளைவு, இன்னொருவருக்கு ஒற்றுமைக்கான வழி. இது தெரியாமல் போய் வரிசையில் நின்று, 'உங்களுக்குக் கொடுக்க முடியாது' என்று கேட்டுவிட்டால் மனது புண்படத்தான் செய்யும். என் அப்பாவுக்கு நடந்திருக்கிறது. வெகுநாள் அதை அவமானமாகவே நினைத்திருந்தார். கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டத்தில் மரண ஆபத்து போன்ற சில சூழ்நிலைகளுக்கு விதிவிலக்கு இருக்கிறது, ஆனால் அது விதிவிலக்குதான்.

சரி, கொள்கை வேறுபாடுதான் பிரச்சினை என்றால் கொள்கையைப் பேசித் தீர்த்துவிடலாமே? பெரும்பகுதி பேசித் தீர்த்திருக்கிறார்கள் என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. மனிதன் தன் செயல்களாலா, விசுவாசத்தாலா நீதிமானாக்கப்படுகிறான் என்பதில்தான் பதினாறாம் நூற்றாண்டே உடைந்தது. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் சம்மேளனமும் அதைப் பற்றிய கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. இந்த விஷயத்தின் அடிப்படை உண்மைகளில் நாங்கள் ஒத்துப்போகிறோம் என்பது அதன் சாரம். 2006-இல் மெதடிஸ்டுகள், 2017-இல் சீர்திருத்த சபைகள் அதில் இணைந்தன. அதற்கும் முன்னால், கால்செதோன் சங்கம் (ஆயர்களின் பொதுக் கூட்டம்) கிறிஸ்துவைப் பற்றி எடுத்த முடிவை ஏற்காமல் 451-இல் பிரிந்துபோன எகிப்தின் கோப்துச் சபையின் தலைவர் மூன்றாம் ஷெனூடாவும் போப் ஆறாம் பவுலும் கிறிஸ்துவைப் பற்றிய பொது விசுவாச அறிக்கையில் 1973-இல் கையெழுத்திட்டார்கள். 1054-இல் ரோமும் கான்ஸ்டாண்டிநோபிளும் ஒன்றின்மேல் ஒன்று போட்ட சபைநீக்கத்தை 1965 டிசம்பரில் இரு தரப்பும் ரத்து செய்தன.

இத்தனைக்குப் பிறகும் ஒன்றாகவில்லை என்பதால்தான், பிரிவினைக்கு முழுக் காரணம் கொள்கை இல்லை என்ற முடிவுக்கு வந்தேன். மீதிக் காரணம் அதிகாரம். யார் தலைவர், யார் யாருக்குக் கட்டுப்பட்டவர், கடைசி வார்த்தை யாருடையது என்பது. 2018 அக்டோபரில் மாஸ்கோ ஆர்த்தடாக்ஸ் சபை, இன்னொரு ஆர்த்தடாக்ஸ் சபையான கான்ஸ்டாண்டிநோபிளோடு திருவிருந்து உறவை முறித்துக்கொண்டதைப் பாருங்கள். இருவருக்கும் ஒரே விசுவாசப் பிரமாணம், ஒரே வழிபாடு, ஒரே சங்கங்கள். உக்ரைன் சபை யாருடைய அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதுதான் தகராறு. சுயாதீன சபைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மூத்த பாஸ்டர் இறந்தபின் மகனா மருமகனா என்று இரண்டாகப் போன சபைகளில் வேத வசனத்தில் கருத்து வேறுபாடு எதுவும் இருந்திருக்காது. 'நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்' என்று கொரிந்து சபை பிரிந்து நின்றதை பவுல் கண்டித்து எழுதியது முதல் நூற்றாண்டில். அப்போது லூதரும் இல்லை, போப் யார் என்ற வழக்கும் இல்லை.

அதிகாரச் சிக்கலைத் தாண்டி நிஜமாகவே ஒன்றானவர்களும் உண்டு. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-இல் உருவானது. ஆயர்களை வைத்து நடக்கும் ஆங்கிலிக்கன் சபை, மெதடிஸ்ட் சபை, பிரெஸ்பிட்டேரியன் மற்றும் காங்கிரிகேஷனல் சபைகள் ஏற்கனவே சேர்ந்து அமைத்திருந்த ஐக்கிய சபை என எல்லாம் அதில் கலந்தன. ஆயர் உள்ள சபையும் ஆயர் இல்லாத சபைகளும் இப்படி இணைந்தது அதுவே முதல் முறை. 1919-இல் தரங்கம்பாடியில் பேச்சு தொடங்கியது. முடிய 28 வருடம் பிடித்தது. சிக்கல் நீங்கள் ஊகிப்பதுதான்: ஆயரிடம் பட்டம் பெறாத போதகர்களை என்ன செய்வது? மறுபடி பட்டம் கொடுத்தால் இதுவரை நீ செய்த ஊழியம் செல்லாது என்று சொல்வதாகிவிடும். ஆகவே இருப்பவர்களை இருக்கிறபடியே ஏற்றுக்கொண்டு, இனிமேல் வருபவர்களுக்கு மட்டும் ஆயர் கையால் பட்டம் என்று முடிவெடுத்தார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த தீர்வு. தோற்றவர் யாரும் இல்லாமல் முடித்தார்கள். ஆங்கிலிக்கன் உலகத்தில் பலருக்கு இது பிடிக்கவில்லை என்பது வேறு கதை.

எருசலேமில் இயேசுவின் கல்லறை ஆலயம் இன்னொரு உதாரணம். எந்தப் படிக்கட்டை எந்தச் சபை பெருக்குவது என்பதற்கே கைகலப்பு நடந்த இடம் அது. வாசல் சாவி பல நூற்றாண்டுகளாக ஒரு முஸ்லிம் குடும்பத்தின் பொறுப்பில் இருக்கிறது. உள்ளே கல்லறைமேல் உள்ள சிறு மண்டபம் சரிந்துவிடாமல் இருக்க 1947-இல் பிரிட்டிஷ்காரர்கள் இரும்புச் சட்டம் அடித்து நிறுத்தினார்கள். அது அப்படியே பல பத்தாண்டுகள் நின்றது. கடைசியில் 2016-இல் கிரேக்க ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்க, ஆர்மீனிய சபைகள் மூன்றும் ஒத்துக்கொண்டு பழுதுபார்த்தன. இறையியல் உடன்பாடு எதுவும் தேவைப்படவில்லை. இடிந்து விழுந்துவிடும் என்ற பயம் போதுமானதாக இருந்தது.

ஸ்வீடனின் லூண்ட் நகரில் 1952-இல் கூடிய சபைப் பிரதிநிதிகள் ஒரு கேள்வியை முன்வைத்தார்கள்: மனச்சாட்சி அனுமதிக்காத விஷயங்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நாம் ஏன் சேர்ந்தே செய்யக்கூடாது? நடைமுறையில் இதைவிட உருப்படியான யோசனையை நான் படித்ததில்லை. திருவிருந்து சேர்ந்து எடுக்க முடியாது, சரி. நோயாளியைப் பார்க்கப் போக, வெள்ளத்தில் வீடிழந்தவருக்குச் சோறாக்கிப் போட, துக்க வீட்டில் ஜெபம் செய்ய எந்தச் சபைச் சட்டம் தடுக்கிறது? ஆனால் நாம் செய்வது தலைகீழ். ஒரே தெருவில் தனித்தனியாக உதவிப் பொருள் கொடுப்போம், கூட்டு வழிபாடு என்று வருடத்துக்கு ஒரு நாள் மேடையில் ஆயரும் பாஸ்டரும் கைகோத்து நிற்போம்.

பெந்தெகொஸ்தே பக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியே அதுதான். கத்தோலிக்கத் திருச்சபைக்கும் பெந்தெகொஸ்தே தலைவர்களுக்கும் 1972 முதல் அதிகாரபூர்வமான உரையாடல் நடக்கிறது. கீழே, ஊர் மட்டத்தில் அது எட்டவே இல்லை. ஒரு பக்கம் 'எங்கள் மந்தையைத் திருடுகிறார்கள்' என்ற கோபம், மறுபக்கம் 'அவர்கள் இன்னும் இரட்சிக்கப்படவில்லை' என்ற தீர்ப்பு. இரண்டாவதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. என் அம்மாவின் ஐம்பது வருட ஜெபத்தை அத்தை கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அம்மாவும் சளைத்தவர் இல்லை, அத்தையின் அந்நிய பாஷை ஜெபத்தை 'சத்தம்' என்பார். இதற்கெல்லாம் வத்திக்கானிலிருந்து அறிக்கை வராது.

உங்கள் கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். முதலில் உங்களுக்கு நிச்சயமான பெண் எப்படி ஞானஸ்நானம் பெற்றார் என்று கேளுங்கள். தண்ணீரால், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் கொடுக்கப்பட்டிருந்தால் உங்கள் திருச்சபை அதை ஏற்றுக்கொள்ளும், மறுபடி திருமுழுக்கு கொடுக்காது. இயேசுவின் நாமத்தில் மட்டும் கொடுக்கும் பெந்தெகொஸ்தே சபைகளும் உண்டு, அங்கே நிலைமை வேறு, பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எதிர்ப்பக்கம் இதைவிடக் கடினம். நீங்கள் குழந்தையில் பெற்ற திருமுழுக்கை அவர் சபை ஞானஸ்நானமாகவே மதிக்காமல், மூழ்கி எடுத்தால்தான் கல்யாணம் என்று கேட்கலாம். அப்படி ஒரு நிபந்தனை இருக்கிறதா என்பதை மண்டபம் பிடிப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ளுங்கள்.

கலப்பு மணத்துக்கு ஆயரிடம் அனுமதி வாங்க வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க உங்களால் முடிந்ததைச் செய்வதாக நீங்கள் வாக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். 1970-க்குப் பிறகு அந்த வாக்கை அவரிடம் கேட்பதில்லை, ஆனால் நீங்கள் கொடுத்திருப்பதை அவருக்குத் தெரிவிப்பார்கள். அவர் சபையில்தான் கல்யாணம் என்றால் அதற்குத் தனி அனுமதி உண்டு. பிள்ளைக்கு எப்போது, எங்கே ஞானஸ்நானம் என்பதை இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்து இப்போதே பேசிவிடுங்கள். பெரியவர்கள் பேசி முடிக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள், எங்கள் வீட்டில் அப்படி விட்டதால் என் தம்பிக்கு ஞானஸ்நானம் நடக்கவே வெகுகாலம் ஆனது.