முகாமுக்கு வந்தவர்கள் அப்புறம் எங்கே போகிறார்கள்?

கேள்வி: நண்பர்கள் சிலர் சேர்ந்து சிறிய தொண்டு அமைப்பு ஒன்றை நடத்துகிறோம். மருத்துவ வசதி எட்டாத குடியிருப்புகளில் இலவச முகாம் போடுவதுதான் முக்கிய வேலை. கூட்டம் நன்றாகவே வருகிறது. ஆனால் சர்க்கரை அதிகம் என்று சொல்லி அனுப்பிய அதே ஆட்கள் அடுத்த முகாமுக்கும் அதே அளவு சர்க்கரையோடு வந்து நிற்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்த சீட்டை மடித்து அப்படியே வைத்திருக்கிறார்கள். இப்போது ஒரு நன்கொடையாளர் கணிசமான தொகை தர முன்வந்திருக்கிறார். நடமாடும் மருத்துவ வேன் வாங்கலாம் என்கிறார்கள் சிலர். சொந்தமாகக் கிளினிக் திறக்கலாம் என்கிறார் எங்கள் குழுவில் உள்ள டாக்டர். எனக்கு இரண்டிலும் தயக்கம். எது சரி?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: இரண்டும் வேண்டாம் என்பேன், இப்போதைக்காவது. அந்தப் பணத்தை ஆட்களுக்குச் செலவு செய்யுங்கள். சீட்டை வாங்கியவர் ஆஸ்பத்திரிக்குள் போய், மருந்தோடு வீடு திரும்பி, அடுத்த மாதமும் போகிற வரைக்கும் கூட இருக்கிற ஆட்களுக்கு.

முகாமைக் குறை சொல்ல வரவில்லை. ஒரு தடவையில் தீர்கிற நோய்க்கு அது நல்ல வழி. கண்புரை அப்படிப்பட்டது. கண்டுபிடித்து, அறுவை செய்து, லென்ஸ் வைத்து, ஓரிரு முறை திரும்பப் பார்த்தால் முடிந்தது. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அவ்வளவு ஏழைகளை எட்டியதில் முகாம்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அறுவை சிகிச்சை இலவசம் என்று சொல்லி அனுப்பினால் மட்டும் ஆட்கள் வந்துவிடவில்லை. போகிற செலவு, சாப்பாடு, தங்குகிற இடம் எல்லாம் குறுக்கே நின்றன. அதனால் முகாமிலிருந்தே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், சாப்பாடு போட்டு, தங்க வைத்து, திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். கண்புரை முகாமுக்கே இவ்வளவு பின்வேலை தேவைப்பட்டது.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வேறு ரகம். இவற்றுக்கு முடிவுத் தேதி கிடையாது. காசநோய்க்குக்கூட வழக்கமாக ஆறு மாதம் மருந்து சாப்பிட்டாக வேண்டும். முகாமில் பத்து நாள் மாத்திரை கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். பதினோராம் நாள் அவர் எங்கே போவார்? அதற்கு ஏற்பாடு இல்லாத இடத்தில் மாத்திரை கொடுப்பதும் கொடுக்காததும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சரி, சீட்டு ஏன் மடித்தபடியே இருக்கிறது? அவர்களிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அதைக் காணோம். கேட்டால் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: போனால் ஒரு நாள் கூலி போச்சு. எந்தக் கவுன்ட்டரில் முதலில் நிற்பது என்று தெரியவில்லை. அடையாள அட்டையில் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தது, திருப்பி அனுப்பிவிட்டார்கள். போன தடவை எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினேன். டாக்டர் சொன்னது புரியவில்லை, திரும்பக் கேட்கப் பயம். குழந்தையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? இவற்றில் எதையும் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. வேன் வாங்கினாலும் இதில் பாதி அப்படியே இருக்கும்.

நம் தரப்பில் ஒரு பழக்கம் உண்டு. நோயாளி மருந்தை நிறுத்தினால் அறியாமை, மூடநம்பிக்கை என்று சொல்லிவிடுவோம். கரீபியன் தீவு நாடான ஹைட்டியில், அமெரிக்க டாக்டர் பால் ஃபார்மரும் நண்பர்களும் 1987இல் தொடங்கிய 'பார்ட்னர்ஸ் இன் ஹெல்த்' அமைப்பிலும் இதே பேச்சு எழுந்தது. மருந்து இலவசமாகக் கிடைத்தும் காசநோயாளிகள் பலர் குணமாகவில்லை. நோய்க்குக் காரணம் செய்வினை என்று அவர்கள் நம்புவதால்தான் மருந்தை விடுகிறார்கள் என்றார்கள் ஊழியர்களில் சிலர். வேறு சிலர் வறுமைதான் காரணம் என்றார்கள். வாதம் செய்துகொண்டே இருக்காமல் சோதித்துப் பார்த்தார்கள். இலவச மருந்து எல்லோருக்கும் உண்டு. ஒரு பகுதி நோயாளிகளுக்கு மட்டும் கூடுதலாக, உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர் வீடு தேடிப் போனார். சத்துணவும் பயணச் செலவும் கொஞ்சம் கைப்பணமும் கிடைத்தன. அந்தப் பகுதியில் எல்லோரும் குணமானார்கள். மருந்து மட்டும் வாங்கியவர்களில் பலர் குணமாகவில்லை, சிலர் இறந்தும் போனார்கள். செய்வினையை நம்பினார்களா இல்லையா என்பதற்கும் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டதற்கும் தொடர்பே தெரியவில்லை. அதன்பின் வீடு தேடிப் போகும் துணையாளர்களையே அந்த அமைப்பு தன் வேலையின் நடுவில் வைத்தது.

இனி உங்கள் டாக்டர் நண்பரின் கிளினிக். வேல்ஸில் சுரங்கத் தொழிலாளர் வாழும் ஊரில் மருத்துவம் பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்: நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது. இலவசக் கிளினிக்கும் இதற்கு விலக்கு இல்லை. நடக்க முடிந்தவர், பகலில் நேரம் கிடைப்பவர், கூச்சமில்லாமல் கேட்கத் தெரிந்தவர்தான் முதலில் வந்து உட்காருவார். படுத்த படுக்கையாய் இருப்பவர் வர மாட்டார். தவிர, கிளினிக் என்றால் மாதாமாதம் சம்பளம், மின்சாரம், மருந்துக் கொள்முதல், உரிமம் என்று செலவு வந்துகொண்டே இருக்கும். நன்கொடையாளர் இரண்டாம் ஆண்டில் கையை விரித்தால் கதவைப் பூட்டத்தான் வேண்டும். அப்புறம் அந்த மக்கள் அடுத்து வருகிற எந்த அமைப்பையும் நம்ப மாட்டார்கள்.

பக்கத்தில் ஆஸ்பத்திரியே இல்லை என்றால் நானும் கிளினிக் பக்கம்தான். தருமபுரி மாவட்டத்தின் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993இல் ஒரு குடிசையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கியது அப்படிப்பட்ட பழங்குடிப் பகுதியில்தான். அங்கேயும் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துத்தான் வேலையை வளர்த்தார்கள். உங்கள் கடிதத்திலோ பெரிய ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. அது இருந்தும் இல்லாததுபோல இருப்பதுதான் உங்கள் பிரச்சினை.

எப்படிப்பட்ட ஆளை எடுப்பது? படித்த, துடிப்பான இளைஞர்களைத் தேடிப் போகாதீர்கள். அவர்களுக்கு வேறு நல்ல வேலை கிடைத்ததும் கிளம்பிவிடுவார்கள், அது தப்பும் இல்லை. மகாராஷ்டிராவின் ஜாம்கேடில் 1970இல் வேலையைத் தொடங்கிய ரஜனிகாந்த் அரோலேயும் மேபெல் அரோலேயும் முதலில் பயிற்சி பெற்ற செவிலியர்களைத்தான் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். அது சரிவரவில்லை. அப்புறம் அந்தந்த ஊர்ப் பெண்களையே எடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும், ஒடுக்கப்பட்ட சாதியினரும் அதில் நிறையப் பேர். அதே மாநிலத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதி பயிற்சி கொடுத்த கிராமப் பெண்கள் பிறந்த குழந்தைகளை வீட்டிலேயே கவனித்து, கிருமித் தொற்றுக்கு ஊசியும் போட்டார்கள். மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு, ஒப்பிட்டுப் பார்த்த கிராமங்களைவிட 62 சதவீதம் குறைந்ததாக 1999இல் வெளியான ஆய்வு சொல்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அந்தத் தெருவில் எல்லோரும் ஏற்கெனவே யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்களோ, அவரைக் கண்டுபிடியுங்கள்.

அவருக்குச் சம்பளம் கொடுங்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஏழைக்கு ஏழை உதவும்போது அதைச் சேவை என்கிறோம், நாம் உதவினால் பயணப்படி வாங்கிக்கொள்கிறோம். உழைப்புக்கு ஏற்ற ஊதியம் வேண்டும், அதை முழுக்கவோ பெரும்பாலுமோ இலக்கோடு கட்டிவைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2018இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. இலக்கு வைத்தால் சுலபமான வீடுகளுக்கே ஆள் போவார் என்பது என் பயமும்கூட.

ஆனால் எதை எண்ணுவது என்பதற்கு வங்கதேசத்தின் 'பிராக்' அமைப்பைப் பாருங்கள். வயிற்றுப்போக்கில் குழந்தைகள் சாகாமல் இருக்க, உப்பும் வெல்லமும் தண்ணீரும் கலந்து கொடுக்கும் முறையை 1980 முதல் 1990 வரை வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள்! எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று பணியாளரைக் கேட்கவில்லை. வேறொருவர் பின்னால் போய், அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, சரியாகக் கலக்க வருகிறதா என்று பார்த்தார். அதை வைத்துத்தான் பணியாளருக்குப் பணம். பணம் கொடுத்த முறையை நீங்கள் பின்பற்ற வேண்டாம், எண்ணிய முறையைப் பின்பற்றுங்கள். உங்கள் ஆண்டறிக்கையில் இப்போது 'பயனடைந்தோர்' என்று முகாமுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை இருக்கும். அதை எடுத்துவிட்டு, எழுதிய சீட்டுகளில் எத்தனை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தன, அவர்களில் எத்தனை பேருக்கு ஆறு மாதம் கழித்துச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று போடுங்கள். முதல் ஆண்டு எண் கேவலமாகத்தான் இருக்கும். போடுங்கள்.

நன்கொடையாளர் சம்மதிப்பாரா என்று கேட்பீர்கள். வேனின் பக்கவாட்டில் அவர் பெயரை எழுதலாம், ஓர் அம்மாவின் முதுகில் எழுத முடியாது. கஷ்டம்தான். அவரை ஒரு நாள் அந்தச் சீட்டுக்காரர்களில் ஒருவரோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவையுங்கள், காலையிலிருந்து மருந்து கைக்கு வரும் வரைக்கும்.

இன்னொன்று, ரகசியம். பக்கத்துத் தெருவிலிருந்து வருகிற ஆளுக்கு எல்லோரையும் தெரியும், அதுதான் ஆபத்தும். காசநோய், ஹெச்ஐவி, மனநோய் என்றால் அவர் வீட்டுக்கு வருவதே ஊருக்குச் செய்தியாகிவிடும். யார் வரலாம், எங்கே சந்திக்கலாம் என்று நோயாளியிடமே முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

டாக்டர் நண்பருக்குக் கோபம் வரலாம். அவரால் மட்டும் ஆகக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குள் போன் எடுத்துப் பேசுகிற ஒருவர் உங்களுக்கு வேண்டும், டாக்டரோ, தலைமைச் செவிலியரோ, பதிவு மேசையில் இருப்பவரோ. வெளியாள் கேட்டால் கிடைக்காது, ஒரு டாக்டர் போய்க் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். அதற்கு முன்னால் போன முகாமின் சீட்டுப் பட்டியலை எடுத்துக்கொண்டு நீங்கள் இருவரும் வீடு வீடாகப் போய், ஏன் போகவில்லை என்று கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே நோட்டில் எழுதுங்கள்.

வேனைப் பற்றி ஓராண்டு கழித்துப் பேசலாம். அந்த நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் 'தூரம்' என்றே இருந்தால் கட்டாயம் வாங்குங்கள். ஆனால் உள்ளே கருவிகள் பொருத்திய வேன் எதற்கு? ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுகிற சாதாரண வண்டியே போதுமானதாக இருக்கலாம்.