தளபதியை விற்ற படை

அன்புள்ள சார்,

சீசரையும் அவருடைய பத்தாவது லீஜியன் என்ற ரோமானியப் படைப்பிரிவையும் பற்றி நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஊருக்குப் போக வேண்டும் என்று முரண்டு பிடித்த வீரர்களை, வழக்கம்போல 'தோழர்களே' என்று கூப்பிடாமல் இனி நீங்கள் வீரர்களே இல்லை என்பதுபோல 'குடிமக்களே' என்று கூப்பிட்டு, அந்த ஒரு சொல்லிலேயே அடக்கிவிட்டார் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடம் வந்ததும் அப்பா சிரித்துவிட்டார். அவர் ராணுவத்தில் சப்ளை கோரில் 17 வருடம் இருந்தவர். "ஜெனரலை எல்லாம் வருஷத்துல ஒரு நாள் பரேடுல பாத்தா உண்டு. லீவு சாங்ஷன் ஆச்சா, ரேஷன் வந்துச்சா, வீட்டுக்கு மணியார்டர் போய்ச் சேந்துச்சா, எங்களுக்கு அதான் கவலை" என்றார். அப்போதிலிருந்து எனக்குச் சந்தேகம். தளபதிக்காகப் படை உயிரைக் கொடுத்தது என்பதெல்லாம் பிற்பாடு எழுதியவர்கள் கட்டிய கதைதானா?

கே.
(பெயர் போட வேண்டாம்)

அன்புள்ள கே.,

முதலில் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சீசர் கதையை நான் கொஞ்சம் அவசரமாக முடித்துவிட்டேன் என்பது உண்மை. அந்த வீரர்கள் ஊருக்குப் போகிறோம் என்று மட்டும் கேட்கவில்லை, தருவதாகச் சொன்ன வெகுமதி எங்கே என்றும்தான் கேட்டார்கள். ஒரு சொல்லில் அடங்கினார்கள் என்பது கேட்க நன்றாக இருக்கிறது, அதனால் எழுதுகிறவன் அங்கேயே நின்றுவிடுகிறான். நானும் நின்றேன்.

ஆனால் அப்பா சொன்னதைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது சீசர் இல்லை, யூமினீஸ். நம்மில் நிறையப் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அலெக்சாண்டரின் செயலாளராக இருந்தவர், அதற்கு முன்னால் அவர் அப்பா பிலிப்பிடமும் அதே வேலை. அலெக்சாண்டரின் நாட்டுக்காரர்களைப் போல மாசிடோனியரும் இல்லை, கார்டியா என்ற ஊர்க் கிரேக்கர். அலெக்சாண்டர் செத்த பிறகு தளபதிகள் ஆளுக்கொரு பக்கம் நாட்டைப் பிய்த்துக்கொண்டபோது, நியோப்டாலமஸ் என்ற ஒருவன் சொன்னானாம்: நாங்கள் ராஜாவின் பின்னால் ஈட்டியும் கேடயமும் தூக்கிக்கொண்டு போனோம், இந்த ஆள் எழுத்தாணியும் பலகையும் தூக்கிக்கொண்டு போனான். கேட்டவர்கள் நியோப்டாலமஸைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். கொஞ்ச நாள் கழித்து, கி.மு. 321 வாக்கில், அதே நியோப்டாலமஸைப் போர்க்களத்தில் நேருக்கு நேர் கட்டிப் புரண்டு கொன்றது அந்தக் கணக்குப்பிள்ளைதான். அதே சண்டையில் எதிர்ப்பக்கம் வந்த பெரிய தலை, அலெக்சாண்டரின் பழைய தளபதி கிராட்டரஸ். அவர் பெயர் காதில் விழுந்தாலே மாசிடோனிய வீரர்கள் கட்சி மாறிவிடுவார்கள், அவ்வளவு செல்வாக்கு. அதனால் எதிரே வருவது யார் என்பதைத் தன் ஆட்களிடம் கடைசிவரை சொல்லாமலேயே சண்டையை நடத்தி முடித்தார் யூமினீஸ். கிராட்டரஸ் அன்றைக்குச் செத்தார். ஜெயித்தவருக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும் என்று நினைப்பீர்கள், நடந்தது நேர்மாறு: எங்கள் கிராட்டரஸைக் கொன்றவன் என்று மாசிடோனியர்கள் கூடி அவருக்கு மரண தண்டனையே விதித்தார்கள்.

இப்படிப்பட்டவர் கையில்தான் மூன்று வருடம் போல கழித்து வெள்ளிக் கேடயப் படை வந்து சேர்ந்தது. அலெக்சாண்டரின் வாரிசுகளான ராஜாக்களின் பெயரில் வந்த கடிதம் கொடுத்த அதிகாரம், கூடவே இன்றைய துருக்கியின் தெற்கே சிலிசியாவில் இருந்த அரச கஜானாவில் கை வைக்கவும் அனுமதி. இவர்கள் சுமார் 3000 பேர், அலெக்சாண்டரின் காவல் படையிலிருந்து வந்த பழைய கட்டைகள். இந்தியாவுக்கு வந்தபோது கேடயத்தில் வெள்ளி பதித்துக்கொண்டதால் அந்தப் பெயர் என்பார்கள். பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதியபடி பார்த்தால் இவர்களில் மிகச் சின்னவனுக்கே வயது அறுபது, பெரும்பாலானவர்கள் எழுபதை ஒட்டியவர்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார். பாதியைத் தள்ளினாலும், நம் ஊரில் பென்ஷன் வாங்கிக்கொண்டு கோயில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வயதுக்காரர்கள் முன்வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

இவர்களுக்கு யூமினீஸ் வேற்று ஆள், அது அவருக்கும் தெரியும். அதனால் என்ன செய்தார் என்றால், அலெக்சாண்டர் கனவில் வந்து சொன்னார் என்று ஒரு கூடாரம் போட்டு, உள்ளே பொன் சிம்மாசனம், மேலே முடி, செங்கோல் எல்லாம் வைத்து, தினமும் அதற்குத் தூபம் காட்டிவிட்டு அந்தக் காலி நாற்காலி முன்னால்தான் ஆலோசனையே நடத்தினார். நமக்குப் பரதன் வைத்த பாதுகை ஞாபகம் வரும், ஆனால் பரதனுக்கு மனதில் கள்ளம் இல்லை. இவருக்கு வேறு வழி இல்லை. இன்னொன்றும் செய்தார், அது எனக்கு இன்னும் பிடித்தது. தன்னைக் கொல்லக் காத்திருந்த சக தளபதிகளிடமே போய் 400 தாலந்து, அந்தக் காலத்தில் பெரும் பணம், கடன் வாங்கினார். கடன்காரன் செத்தால் பணம் போச்சே என்று அவர்களே அவருக்குக் காவல் இருப்பார்கள் இல்லையா?

சரி, கி.மு. 316 வாக்கில் ஒரு பனிக்காலம். இன்றைய ஈரானில், இஸ்பஹான் பக்கம் கபியீனி என்ற உப்புத்தரை. எதிரே அலெக்சாண்டரின் இன்னொரு தளபதி, ஒற்றைக்கண் ஆன்டிகோனஸ். இரண்டு பக்கமும் யானை. யூமினீஸ் பக்கம் நின்றவை யூடாமஸ் என்பவன் இந்தியாவிலிருந்து ஓட்டி வந்தவை, போரஸ் ராஜாவைச் சதி செய்து கொன்றுவிட்டு எடுத்துவந்தான் என்கிறது வரலாறு. பள்ளிக்கூடத்தில் அலெக்சாண்டரும் போரஸும் கட்டித் தழுவியதோடு பாடத்தை முடித்துவிடுகிறார்கள்.

சண்டை தொடங்கும் முன் வெள்ளிக் கேடயக்காரர்களின் தலைவன் அனுப்பிய ஒரு குதிரைவீரன் போய் எதிரணி மாசிடோனியர்களைப் பார்த்துக் கத்தியிருக்கிறான்: பிலிப்போடும் அலெக்சாண்டரோடும் உலகத்தை ஜெயித்த உங்கள் அப்பன்மார்கள் மேலேயா கை வைக்கிறீர்கள் என்று. அப்புறம் உள்ளே புகுந்து அந்தக் காலாட்படையைத் துவம்சம் செய்துவிட்டார்கள். அந்தப் பக்கம் 5000 பேர் சாவு, இவர்களில் ஒருவர்கூட இல்லை என்று எழுதியிருக்கிறது. இதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் ஜெயித்தார்கள் என்பதில் சந்தேகமில்லை.

இங்கேதான் உங்கள் அப்பா வருகிறார். உழாத உப்பு மண் என்பதால், ஆயிரக்கணக்கான குதிரைகளும் யானைகளும் மிதித்ததும் புழுதி கிளம்பிப் பத்தடி தள்ளி என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. அந்தப் புழுதிக்குள்ளேயே ஆன்டிகோனஸ் ஒரு குதிரைப்படையைச் சுற்றி அனுப்பினார். களத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் பின்னால் யூமினீஸின் முகாம். வேலைக்காரர்களும் சண்டைக்கு ஆகாத கொஞ்சம் பேரும்தான் காவல். மொத்தத்தையும் வாரிக்கொண்டு போய்விட்டார்கள்.

மொத்தம் என்றால் என்னென்ன? மனைவி, மக்கள், பதினெட்டு வருடம் பாரசீகத்திலிருந்து பஞ்சாப் வரை நடந்து சேர்த்த பொன், வெள்ளி எல்லாம். அந்தக் கிழவர்களுக்கு மாசிடோனியாவில் வீடு இருந்ததா இல்லையா, அது வேறு விஷயம், நடைமுறையில் வீடு என்பது அந்த வண்டிகள்தான். நாளைக் காலை மறுபடி அடிப்போம், அவர்கள் காலாட்படை தீர்ந்துவிட்டது, சாமானும் தானே திரும்பும் என்று யூமினீஸ் சொல்லிப் பார்த்தார். கணக்கு சரியான கணக்குதான். யாரும் கேட்கவில்லை. படையின் தலைவர்களில் ஒருவனான டியூட்டமஸ் ராத்திரியே ஆன்டிகோனஸிடம் ஆள் அனுப்பி விலை பேசினான். வந்த பதில்: சாமான் திரும்ப வேண்டுமா, யூமினீஸைக் கொடு. அவருடைய இடுப்புக் கச்சையாலேயே கையைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

கல்லூரி நாட்களில் இதைப் படித்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது. செஞ்சோற்றுக் கடன் என்று கேட்டே வளர்ந்தவன் வேறெப்படி நினைப்பேன். இப்போது கேட்கத் தோன்றுவது, யார் போட்ட சோறு என்பதுதான். சம்பளம் ராஜாக்கள் பெயரில், கட்டளை காலி நாற்காலி பெயரில், யூமினீஸ் நடுவில் நின்றவர். அவருக்காக அவர்கள் ஒரு நாளும் சண்டை போடவில்லை. பக்கத்தில் நிற்கும் கிழவனுக்காகவும் பின்னால் நிற்கும் வண்டிக்காகவும் போட்டார்கள், அதுவும் உலகமே மிரளும்படி போட்டார்கள். ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில், உயிரைக் கொடுத்தது கட்டுக்கதை இல்லை, யாருக்காக என்ற இடத்தில்தான் எழுதியவர்கள் தளபதியின் பெயரை நிரப்பிவிட்டார்கள். சீசருக்கு அந்த இடம் கொஞ்சம் பொருந்தும், அவர் கையாலேயே சம்பளத்தை இரட்டிப்பாக்கியவர்.

யூமினீஸைச் சில நாள் அடைத்து வைத்துக் கொன்றார்கள். அஸ்தியை வெள்ளிக் கலசத்தில் போட்டு மனைவி மக்களுக்கு அனுப்பினார் ஆன்டிகோனஸ். வெள்ளிக் கேடயங்களின் தலைவன் ஆன்டிஜினீஸை உயிரோடு எரித்தார். அந்தப் படையில் அடங்காத ஆட்களை இன்றைய கந்தஹார் பக்கம் அனுப்பி, இவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வராத வேலைகளுக்கு அனுப்பித் தீர்த்துவிடு என்று அங்கிருந்த ஆளுநருக்கு ரகசிய உத்தரவு கொடுத்தார்.

இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். சப்ளையில் இருந்தவர் ஆயிற்றே, அந்த முகாமுக்கு எத்தனை பேரைக் காவலுக்கு விட்டிருக்க வேண்டும் என்று கேட்டு எழுதினால் சந்தோஷப்படுவேன்.