ஓடையில் கிடைத்த கல்: காரை முதல் கல்லங்குறிச்சி வரை

பெரம்பலூர், அரியலூர் மாவட்ட ஓடைகளில் பொறுக்கிய கற்களைப் படம் எடுத்து அனுப்பியவர்களுக்கு என் பதில்கள். பலவும் பழங்கால உயிர்கள் கல்லாகிக் கிடக்கும் புதைபடிவங்கள்.

கேள்வி: ஐயா, காரைக்குப் பக்கத்து ஓடையில் துப்பாக்கித் தோட்டா போன்ற பழுப்புக் கற்கள் ஏராளமாகக் கிடக்கின்றன. ஏதாவது விலங்கின் பல்லா?

பதில்: பல் அல்ல, பெலம்னைட். கணவாயின் அற்றுப்போன உறவினம். அதன் உடலுக்குள் பின்பக்கம் இருந்த சுண்ணக் குச்சிதான் இது. உடைந்த முகத்தைப் பாருங்கள்: நடுப்புள்ளியிலிருந்து சைக்கிள் சக்கரக் கம்பிகளைப் போல இழைகள் விரியும். காரைக் களிமண்ணில் இழை இழையான ஜிப்சமும் உண்டு. ஜிப்சத்தைப் பெலம்னைட் என்று எண்ணி ஏமாறுகிறவர்கள் பலர். ஜிப்சத்தை நகத்தால் கீறலாம். எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்காது. பெலம்னைட்டின் ஓரத்தைச் சுரண்டிய தூளில் சாறு விட்டால் நுரைக்கும்.

கேள்வி: எனக்குக் கிடைத்த சுருள் கல்லைச் சாளக்கிராமம் என்று பாட்டி பூஜை அறையில் வைத்துவிட்டார். என்ன சொல்வது?

பதில்: ஒன்றும் சொல்ல வேண்டாம். கண்டகி ஆற்றுச் சாளக்கிராமங்களில் பலவும் அம்மோனைட்டுகளே, அதாவது சுருள் ஓடு கொண்ட, அற்றுப்போன கடல் உயிர்களே. பாட்டி சொன்னது முற்றிலும் தவறல்ல. ஆனால் அவை பெரும்பாலும் ஜுராசிக் காலத்தவை, உங்களுடையது அதற்கு அடுத்த கிரெட்டேசியஸ் காலத்தின் பிற்பகுதி. காரைப் படிவு என்றால் ஏறத்தாழ 10 கோடி ஆண்டு. அம்மோனைட்தானா என்று உறுதி செய்ய, மேலோடு உரிந்த இடத்தில், ஓட்டின் உள்ளே அறை அறையாகப் பிரிக்கும் சுவர்களின் கோட்டைத் தேடுங்கள். கொத்தமல்லி இலை விளிம்பு மாதிரி நெளிந்து நெளிந்து போனால் அம்மோனைட். எளிய வளைவாகப் போனால் நாட்டிலஸ் வகை, அம்மோனைட்டின் இன்றும் வாழும் உறவினம். நாட்டிலஸும் இந்தப் பகுதியில் கிடைக்கிறது. உங்கள் படத்தில் அந்த இடம் மஞ்சள் குங்குமத்தில் மறைந்திருக்கிறது.

கேள்வி: பெலம்னைட் கிடக்கும் எங்கள் ஓடைக்கரையில் பந்து போன்ற கற்கள். டைனோசர் முட்டை என்று ஊரில் பேச்சு.

பதில்: 2020இல் குன்னத்தில் ஏரி மண் எடுத்தபோதும் இப்படித்தான் ஊர் கூடியது; பார்த்தவர்கள் கடற்படிவு உருண்டைகள் என்றார்கள். உடைந்த ஒன்றை எடுத்துப் பாருங்கள். உள்ளே வெங்காயம்போல் அடுக்கடுக்காகவோ நடுவில் ஒரு சிப்பியோ இருந்தால் அது தாதுப்பொருள் திரண்டு உருவான உருண்டை. முட்டை என்றால் சில மில்லிமீட்டர் கனத்தில் தனி ஓடும், அதில் நுண்துளைகளும் தெரிய வேண்டும். இன்னொன்று: இங்கே டைனோசர் எலும்பு கிடைத்த கல்லமேட்டுப் படிவு ஆறு கொண்டுவந்து சேர்த்தது. உங்கள் ஓடைக்கரையில் பெலம்னைட் இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது கடல். கடலடியில் டைனோசர் கூடு கட்டாது.

கேள்வி: கல்லங்குறிச்சிப் பக்கம் கனமான வளைந்த சிப்பி.

பதில்: கிரைஃபியா, ஆளிச் சிப்பி (ஆய்ஸ்டர்) இனம். ஒரு பக்க ஓடு கிண்ணம், மறுபக்கம் தட்டையான மூடி. அங்கே சுண்ணாம்புப் பாறையே இதனால்தான். சிமெண்டாகிப் போவதில் இதுவும் உண்டு.

கேள்வி: கல்லான மரத்துண்டில் விரல் பருமனுக்குக் குழாய்கள். கரையானா?

பதில்: கப்பல் புழு! பெயர்தான் புழு; இன்றும் தோணிக் கட்டையைத் துளைக்கிற அதே சிப்பி வகை. மரம் கரையில் வளர்ந்து, கடலில் மிதந்து, துளைபட்டு, மூழ்கிக் கல்லாகியிருக்கிறது. இத்தனை படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் கல்மரமும் இத்தகைய கடற்படிவில்தான் இருக்கிறது. ஓடையின் எந்தக் கரையில், எந்த அடுக்குக்குக் கீழே எடுத்தீர்கள்?

கேள்வி: தெரியவில்லை ஐயா, தண்ணீரில் கிடந்தது. அமிலத்தில் கழுவலாமா?

பதில்: கூடாது, அமிலம் சுண்ணப் பகுதியையே தின்றுவிடும். பழைய பல் துலக்கும் பிரஷும் தண்ணீரும் போதும். நாளைக்கே ஓடையின் மேற்பக்கமாக நடந்து போங்கள். அதே நிறக் கல் கரையில் எங்கே பதிந்திருக்கிறதோ, அங்கே ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், தோண்ட வேண்டாம்.