பறிக்காத கொழுந்துக்குப் பேர் வேண்டாம்

தலவாக்கலையிலிருந்து மகளையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த அம்மாவுக்கு,

பேராதனையில் விஞ்ஞானமாணிப் பட்டம் முடித்த மகள் வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் படிக்க வேண்டும், அதற்குச் சர்வதேச ஆய்வுச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வேண்டும், ஒரு லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் கட்டினால் இரண்டே வாரத்தில் பெயர் வந்துவிடும் என்று முகவர் சொன்னதாகச் சொன்னீர்கள். கொழும்பிலிருக்கும் உங்கள் தம்பியும் அதையே வற்புறுத்தினார். அன்று நீங்கள் கலங்கியிருந்ததால் ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டேன். அது போதாது. அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள்.

கொழுந்து நிறுவையில் கிலோ குறைந்தால் உங்களுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான் போடுகிறார்கள். மலைக்கே வராமல் லயத்தில் இருந்தவருக்கு முழுப்பேர் போட்டால் சும்மா இருப்பீர்களா? ஆய்வுக் கட்டுரையிலும் பேர் அப்படித்தான். மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழு இதற்கு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. ஆய்வைத் திட்டமிடுவதிலோ தரவு சேர்த்து ஆராய்வதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியோ ஆழமாகத் திருத்தியோ இருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்குச் சம்மதம் தந்திருக்க வேண்டும். கட்டுரையைப் பற்றி யார் கேள்வி கேட்டாலும் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் சேர்ந்தால்தான் பேர். ஆய்வுக்கு நிதி தேடிக் கொடுத்தவருக்குக்கூட அதற்காக மட்டும் பேர் கிடையாது.

முகவர் கொடுத்த கட்டுரையை நீங்கள் வாசித்திருக்க மாட்டீர்கள். தோட்டப் பெண்களின் இரத்தச்சோகை பற்றியது அது. நான்காவது பேராக உங்கள் மகளைச் சேர்ப்பார்களாம். தம்பி பேசிக்கொண்டிருந்தபோது மகள் என் மேசைப் பென்சிலை எடுத்து ஒரு அட்டவணையைச் சுற்றி வட்டம் போட்டாள். இரத்தம் பரிசோதிக்கப்பட்டவர்கள் 60 பெண்கள் என்று மேலே இருக்கிறது; வயதுவாரியாகப் பிரித்த எண்களைக் கூட்டினால் 63. "இந்த மூன்று பேர் யார் சார்?" என்று மெதுவாகக் கேட்டாள். உங்களைப் போன்ற பெண்களின் இரத்தத்தைப் பற்றிய கணக்கு அம்மா அது. இதை நம்பி நாளைக்கு ஒரு மருத்துவர் முடிவெடுக்கலாம்.

1998இல் 'லான்செட்' என்ற பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் 12 பிள்ளைகளை வைத்து ஒரு கட்டுரை வந்தது. சின்னமுத்துத் தடுப்பூசி சேர்ந்த மும்மை ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அது கிளப்பிய பயத்தில் எத்தனையோ பெற்றோர் ஊசியைத் தவிர்த்தார்கள். 2010இல்தான் அந்தக் கட்டுரையை மீளப்பெற்றார்கள், அதாவது அது இனிச் செல்லாது என்று சஞ்சிகையே அறிவித்தது. ஹிந்தாவி பதிப்பகத்தின் சஞ்சிகைகளில் 2023இல் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் மீளப்பெறப்பட்டன. மீளப்பெற்ற கட்டுரை இணையத்தில் அந்த முத்திரையுடனேயே நிற்கும், பெயர்களும் கூடவே நிற்கும். காசு கொடுத்து வாங்கிய பேரும் அதில் இருந்தால், எந்தப் பல்கலைக்கழகமும் அதைத் தேடிப் பார்க்கலாம்.

ஆசிரியத் தொழில், வங்கி, அரச நியமனம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. மகளுக்கு நான் சொல்ல வருவது ஆய்வுச் சஞ்சிகைகளின் ஆசிரியபீட வேலை. கட்டுரை வந்ததும் முதலில் பார்ப்பவர் அங்கிருப்பவர்தான். ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா, இரத்தம் கொடுத்தவர் சம்மதித்தாரா, கட்டுரையில் பேர் உள்ள எல்லோருக்கும் அது தெரியுமா என்று பார்க்க வேண்டும். வேறு கட்டுரைகளோடு உள்ள ஒப்புமையைக் காட்டும் மென்பொருள் ஒரு சதவீதத்தைத் தரும். அதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. செய்முறை விளக்கத்தில் சில வரிகள் ஒத்துப்போவது இயல்பு, முடிவுகளில் ஒத்துப்போனால் விசாரிக்க வேண்டும். ஒரே நுணுக்குக்காட்டிப் படத்தைத் திருப்பிவைத்து இரண்டு பரிசோதனைகளாகக் காட்டியிருப்பார்கள், அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கட்டுரை ஆசிரியரே பொய் மின்னஞ்சலில், கட்டுரையை மதிப்பிடும் மீளாய்வாளராக வந்து தன்னைப் புகழ்ந்து எழுதுவதும் உண்டு. சந்தேகம் வந்தால் அடுத்து என்ன செய்வது என்று படிப்படியாகச் சொல்லும் வழிகாட்டிகளை, 1997இல் தொடங்கிய வெளியீட்டு நெறிமுறைக் குழு இலவசமாகவே தருகிறது. அதையும் 'கோப்' என்பார்கள். நம் நாடாளுமன்றத்தின் கோப் குழு வேறு.

தொடங்குவதற்கு ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை. 'சிலோன் ஜேர்னல் ஒஃப் சயன்ஸ்' என்ற ஆய்வுச் சஞ்சிகை மகள் படித்த பேராதனை விஞ்ஞான பீடத்திலிருந்தே வருகிறது. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவளுக்குக் கற்பித்த விரிவுரையாளரிடம், மெய்ப்புப் பார்க்கவும் மேற்கோள்களைச் சரிபார்க்கவும் உதவட்டுமா என்று கேட்கட்டும். கட்டுரைகளைக் கையாளப் பல சஞ்சிகைகள் பயன்படுத்தும் 'ஓப்பன் ஜேர்னல் சிஸ்டம்ஸ்' மென்பொருள் இலவசம், வீட்டிலிருந்தே பழகலாம். ஆங்கில எழுத்தை இன்னும் கூர்மையாக்க வேண்டும். அதற்கு ஒரு வருடம் ஒதுக்குங்கள். ஆரம்பத்தில் வருமானம் குறைவு, நிரந்தரப் பதவிகளும் இங்கே அதிகமில்லை, பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான். இதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

கலாநிதிப் படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவளுக்கு ஆசை வந்தால், தானே செய்த ஆய்வோடு விண்ணப்பிக்கட்டும். ஆனால் அன்று வாசலில் செருப்பை மாட்டும்போது அவள் என்னிடம் சொன்னது, "ஆய்வு செய்வதைவிட, செய்தது சரியா என்று பார்க்கத்தான் எனக்குப் பிடிக்கிறது" என்பது. தம்பியின் காதில் அது விழவில்லை. உங்களுக்காவது தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இதற்காகக் காதுத் தோட்டை அடகு வைத்துவிட்டீர்கள் என்றால், வட்டி ஏறுவதற்கு முன் அந்தப் பணத்தைக் கொண்டே மீட்டுவிடுங்கள். அடுத்த சனிக்கிழமை மகளை மட்டும் அனுப்புங்கள். பென்சில் வட்டம் போட்ட அந்தத் தாளையும் கொண்டுவரச் சொல்லுங்கள். விரிவுரையாளருக்கு எழுதும் கடிதத்தை அதிலிருந்தே தொடங்கலாம்.